சுவருக்குள் ஒரு சிலுவை

லிஸ்பன் மாநகரம் தமிழ்க் கத்தோலிக்கருக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அன்று. செவ்வாய்க்கிழமைதோறும் நம் மக்கள் நாடிச் செல்லும் கோடி அற்புதர் புனித அந்தோணியார், 1195-ஆம் ஆண்டளவில் பிறந்தது அங்கேதான். ஓரியூர் மணலைத் தம் குருதியால் சிவக்கச் செய்த புனித அருளானந்தர் 1647-இல் பிறந்ததும் அங்கேதான். நம் தாய்மொழி முதன்முதலாக அச்சேறியதும் அந்நகரிலேயே. 1554-இல் தமிழ்ச் செபங்களை உரோமை எழுத்துகளில் தாங்கிய சிறுநூல் ஒன்று அங்கே அச்சிடப்பட்டது.

நம்மோடு இத்தனை உறவுடைய அந்நகரம், ஒரு பெருவிழாக் காலையில், மக்கள் பீடத்தின் முன் முழந்தாளிட்டிருந்த வேளையில் இடிந்து விழுந்தது. அதன் வரலாற்றை நான் முதலில் படித்தபோது, இறைவன் ஏன் அதை அனுமதித்தார் என்ற கேள்வியே நெஞ்சில் நின்றது. ஆண்டுகள் பல கழித்து மீண்டும் படித்தபோதோ வேறொரு கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது: அந்தச் சுவர்கள் எப்படி விழுந்தன? முதற்கேள்வி பக்தியுடையது, இரண்டாவது வெறும் கொத்தனார் கேள்வி என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அந்த நாள்

1755 நவம்பர் 1, சனிக்கிழமை. புனிதர் அனைவரின் பெருவிழா. காலை ஒன்பதரை மணி கடந்த நேரம். ஆலயங்கள் நிரம்பி வழிந்தன. பீடங்களிலெல்லாம் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. அட்லாண்டிக் கடலடியில், போர்ச்சுகலின் தென்மேற்கு முனைக்கு அப்பால், நிலத்தட்டு முறிந்து நழுவியது. அன்று அளவுகருவிகள் இல்லை. அதன் வலிமை 8.5 முதல் 9 வரை இருந்திருக்கலாம் என்று இக்கால அறிஞர் பலர் மதிப்பிடுகின்றனர். நடுக்கம் சில நொடிகளில் ஓயவில்லை. இடைவிட்டு இடைவிட்டுப் பல நிமிடங்கள் நீடித்தது.

தப்பியவர்கள் இடிபாடுகளை விட்டு ஆற்றங்கரை வெளிக்கு ஓடினார்கள். ஏறக்குறைய 40 நிமிடங்களுக்குப் பின் கடல் பொங்கி, தேஜோ ஆற்றின் முகத்துவாரம் வழியே ஏறி, அங்கே நின்றவர்களையும் வாரிக்கொண்டது. விழுந்த மெழுகுதிரிகளும் சமையல் அடுப்புகளும் மூட்டிய தீ ஐந்தாறு நாள்கள் எரிந்தது. அரண்மனையும் அதன் பெரிய நூலகமும், அவ்வாண்டிலேயே திறக்கப்பட்ட இசை நாடக அரங்கும், புனிதர் அனைவர் பெயராலேயே விளங்கிய அரச மருத்துவமனையும் அழிந்தன. மாண்டோர் தொகையைப் பத்தாயிரம் முதல் அறுபதாயிரம் வரை பலவாறு கணக்கிடுகின்றனர்.

இருவகைக் கேள்விகள்

இத்தகைய பேரழிவில் மனிதன் முதலில் கேட்பது, 'யார் செய்த பாவம்?' என்பதே. இயேசு சபைத் துறவியும் பிரேசில் நாட்டில் நெடுங்காலம் மறைப்பணி ஆற்றியவருமான கபிரியேல் மலக்ரீதா, 1756-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். நகரின் பாவங்களே இவ்வழிவின் உண்மையான காரணம் என்றும், இதை இயற்கை நிகழ்ச்சி எனக் கூறுவது மக்களை மனந்திரும்பவிடாமல் தடுப்பதாகும் என்றும் அவர் வாதிட்டார். இன்னொரு புறம் பிரான்சின் வோல்த்தேர், 'இறைவன் நல்லவராயின் இது எப்படி?' என்று ஏளனமும் வேதனையும் கலந்த குரலில் கேட்டார். ஒருவர் விசுவாசி, மற்றவர் கிறிஸ்தவ மறையைக் குறைகூறியவர். ஆயினும் இருவர் பார்வையும் வானத்தை நோக்கியே இருந்தது. விழுந்த சுவரின் அடியை இருவருமே குனிந்து பார்க்கவில்லை.

குனிந்து பார்த்தவர்களும் இருந்தனர். அரசர் முதலாம் ஜோசேயின் அமைச்சர் செபஸ்தியான் ஜோசே தெ கர்வாலியோ, பின்னாளில் பொம்பால் பிரபு எனப் பெயர் பெற்றவர். அவருடைய அரசு 1756 தொடக்கத்தில் ஒரு வினாத்தாளை நாடெங்கும் அனுப்பியது. அதற்கு விடையெழுதும் பொறுப்பு யாரிடம் சென்றது தெரியுமா? பங்குத்தந்தையரிடம்!

நடுக்கம் எத்தனை மணிக்குத் தொடங்கியது? எவ்வளவு நேரம் நீடித்தது? எத்தனை வீடுகள் விழுந்தன? எத்தனை பேர் மாண்டனர்? கடல் முதலில் உள்வாங்கியதா, பொங்கியதா? ஊற்றுகளிலும் கிணறுகளிலும் என்ன மாறுதல் கண்டீர்? தரையில் பிளவு உண்டாயிற்றா? இவ்வாறு சென்றன அக்கேள்விகள்.

மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து வரும் படிவங்களை முணுமுணுத்துக்கொண்டே நிரப்பும் பங்குத்தந்தையருள் நானும் ஒருவன். ஆதலால் அக்குருக்களை என்னால் எளிதில் மனக்கண்ணில் காண முடிகிறது. ஆலயம் இழந்து, அடக்கச் சடங்குகளால் களைத்து, ஏதோ ஒரு கூடாரத்தில் அமர்ந்து, தம் மக்களுள் இறந்தோரை ஒவ்வொருவராக எண்ணி எழுதியிருப்பார்கள். அவர்கள் எழுதிய விடைகளில் பல லிஸ்பனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. அந்நடுக்கம் எங்கெங்கே எவ்வளவு வலிமையோடு தாக்கியது என்று இக்கால ஆய்வாளர் வரைபடம் வரைவதற்கு அவை உதவியுள்ளன. ஏங்கி அழுத கையே எண்ணியும் எழுதியது. அதனால் அழுகைக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை.

சுவர் எவ்வாறு விழுகிறது

திறந்த வயலில் நிற்பவனை நில அதிர்வு தள்ளாடச் செய்யும்; கீழே வீழ்த்தவும் செய்யும். ஆனால், அவனைக் கொல்வது அரிது. பெரும்பாலும் உயிரைப் பறிப்பவை நாம் நம் தலைக்கு மேல் தூக்கி வைத்த கல்லும் மரமுமே.

நாம் சுவர் எழுப்பும்போது, பாரம் மேலிருந்து கீழ்நோக்கி இறங்கும் என்றே எண்ணிக் கட்டுகிறோம். நில அதிர்வோ பக்கவாட்டில் இழுக்கிறது. பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போது ஓட்டுநர் திடீரென வண்டியை எடுத்தால் என்ன நேர்கிறது? கால்கள் வண்டியோடு முன்னே செல்கின்றன. உடலோ இருந்த இடத்திலேயே இருக்க முயன்று பின்னால் சாய்கிறது. கட்டடத்தின் நிலையும் அதுவே. தரையோடு சேர்ந்து அடித்தளம் நகர்கிறது, கூரை பின்தங்குகிறது. அடுத்த கணம் தரை எதிர்ப்புறம் திரும்புகிறது. இடைப்பட்ட சுவர் இருபுறமும் மாறி மாறி வளைகிறது. கூரை எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு அந்த இழுப்பும் பெரிது.

கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர், மேலிருந்து அழுத்தினால் நூற்றாண்டுகள் தாங்கும். இழுத்தால் விரைவில் பிரிந்துவிடும். ஆகவேதான் நில அதிர்வுக்குப் பின் சன்னல்களுக்கு இடைப்பட்ட சுவர்ப்பகுதியில் இரு சாய்வான வெடிப்புகள் ஒன்றையொன்று வெட்டி நிற்பதைக் காண்கிறோம். வலப்புறம் தள்ளியபோது ஒன்று, இடப்புறம் தள்ளியபோது மற்றொன்று. சுவர்கள் சந்திக்கும் மூலைகளில் சரியான பிணைப்பு இல்லையெனில், முன்சுவர் புத்தகத்தின் அட்டை விரிவதுபோல் தனியே பிரிந்து தெருவில் விழும்.

இப்போது ஒரு பழைய பேராலயத்தை எண்ணிப் பாருங்கள். நீண்டு உயர்ந்த இரு பக்கச் சுவர்கள். பீடம் எல்லாருக்கும் தெரியவேண்டும் என்பதற்காக நடுவே குறுக்குச் சுவரே இல்லை. மேலே கல்லால் ஆன வளைவுக்கூரை. அமைதியான நாளிலும் அது சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். சுவர்கள் சில அங்குலம் விலகினால் போதும், வளைவின் உச்சிக் கல் பிடியிழந்து கீழே வந்துவிடும். பக்கத்தில் நிற்கும் உயர்ந்த மணிக்கோபுரமோ ஆலயத்தின் அசைவோடு ஒத்து ஆடாமல், தனக்கென ஒரு கதியில் ஆடி ஆலயத்தின்மீதே மோதும்.

லிஸ்பனில் ஏன் ஆலயங்கள் விழுந்தன என்று பலர் கேட்டார்கள். ஆலயம் என்பதனால் அவை விழவில்லை. உயரமும் கனமும் உடையனவாக, பிணைப்புக் குறைந்தனவாக இருந்ததனால் விழுந்தன. அவற்றுள் அத்தனை பேர் மாண்டது, அன்று பெருவிழா என்பதனால். இறைவன் தம் இல்லத்தைத் தேடிப் பிடித்துத் தாக்கினார் என எண்ண வேண்டியதில்லை.

கீழே இருக்கும் மண்ணும் தன் பங்கைச் செய்தது. நகரின் தாழ்ந்த பகுதியான பைஷா, பழைய ஓடைகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல்மீது அமைந்திருந்தது. பாறையில் விரைந்து செல்லும் அதிர்வலை, இளகிய வண்டலுக்குள் நுழையும்போது வேகம் குறைந்து வீச்சில் பெருகுகிறது. 1985-இல் மெக்சிகோ நகருக்கு நேர்ந்ததும் இதுவே. 350 கிலோமீட்டருக்கு அப்பால் கடலோரத்தில் தோன்றிய அதிர்வு, பழைய ஏரிப்படுகைமேல் எழுந்த அந்நகரின் அடுக்குமாடிகளை ஊஞ்சலை உரிய தருணத்தில் தள்ளுவதுபோல் தள்ளித் தள்ளி வீழ்த்தியது. நீர் ஊறிய மணலாயின், குலுங்கக் குலுங்க அது குழம்பாகிவிடும். 1964-இல் ஜப்பானின் நீகதா நகரில் குடியிருப்புக் கட்டடங்கள் சுவர் உடையாமலே முழு உருவோடு சாய்ந்து படுத்தன. லிஸ்பனிலோ, அல்காந்தரா பள்ளத்தாக்கைக் கடக்கும் நீர்வழிப் பாலத்தின் கல் வளைவுகள், 65 மீட்டர் வரை உயர்ந்தவை, விழாமல் நின்றன. இன்றும் நிற்கின்றன. மேற்கே பெலேம் பகுதியின் ஜெரோனிமோஸ் துறவுமடமும் பெருஞ்சேதமின்றித் தப்பியது.

தச்சர்கள் கண்ட வழி

நகரை மீண்டும் எழுப்பும் பொறுப்பு மனுவேல் தா மாயா என்னும் முதிய பொறியாளரிடம் வந்தது. அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. ஆவணக் காப்பகத்தின் தலைவராகவும் இருந்த அவர், இடிந்த கோட்டைக் கோபுரத்திலிருந்து நாட்டின் பழஞ்சுவடிகளை மீட்டெடுத்தார். பின் அமர்ந்து, இனி எங்கே கட்டுவது, எவ்வளவு உயரம் கட்டுவது, தெரு எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதினார். எயுஜேனியோ தோஸ் சாந்தோஸ், கார்லோஸ் மார்தெல் ஆகியோர் அவருடன் உழைத்தனர்.

அவர்கள் எழுப்பிய வீடுகளின் சிறப்பு வெளியிலிருந்து பார்ப்பவர்க்குத் தெரியாது. முதலில் பைன் மரக்கட்டைகளை வண்டலுக்குள் அடித்து இறக்கினார்கள். தரைத்தளத்தைக் கல்லால் கட்டி, அதற்கு மேல் மரச்சட்டங்களால் ஒரு கூடு அமைத்தார்கள். போர்ச்சுகீசியர் அதைக் 'கயோலா' என்பர். பறவைக்கூண்டு என்று பொருள். நிற்கும் சட்டம், கிடக்கும் சட்டம், அவற்றுக்கிடையே மூலைக்கு மூலை குறுக்காக இரு சட்டங்கள். இவற்றைப் பிணைத்து, இடைவெளிகளில் கல்லும் சாந்தும் நிரப்பி, மேலே பூசிவிட்டார்கள். படைவீரரை மாதிரிக் கட்டடத்தைச் சுற்றி ஓங்கி மிதித்து நடக்கவைத்துச் சோதித்தனர் என்று ஒரு செவிவழிச் செய்தியும் உண்டு.

குறுக்குச் சட்டம் எதற்கு? நம் மறைக்கல்வி வகுப்பில் ஆடும் பெஞ்சு ஒன்று கட்டாயம் இருக்கும். தச்சர் வந்து என்ன செய்கிறார்? கால்களைத் தடிமனாக்குவதில்லை, சாய்வாக ஒரு சட்டம் அடிக்கிறார். ஆட்டம் நின்றுவிடுகிறது. நான்கு பக்கச் சட்டத்தைத் தள்ளினால் கோணிக்கொள்ளும், முக்கோணம் கோணாது. கல் உதிர்ந்தாலும் கூண்டு தளத்தைத் தாங்கி நிற்கும். உள்ளே இருப்பவர் வெளியேற நேரம் கிடைக்கும்.

அந்தக் குறுக்குச் சட்டங்களின் அமைப்புக்கு, அப்போஸ்தலர் அந்திரேயா மாண்ட சிலுவையின் வடிவம் என்பதால், 'புனித அந்திரேயா சிலுவை' என்றே பெயர். வெடிப்பு எந்த வடிவில் சுவரைப் பிளக்குமோ, அதே வடிவில் மரத்தை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். சிலுவையைக் கோபுர உச்சியில் நடுவதே நம் வழக்கம். அவர்களோ யாரும் காணாதபடி சுவருக்குள் வைத்துப் பூசினார்கள்.

மறதி

ஒரு தலைமுறை கற்ற பாடத்தை மறு தலைமுறை மறப்பதும் வரலாறே. நாள்கள் செல்லச் செல்ல, அதே பைஷா வீடுகளின்மேல் கூடுதல் மாடிகள் ஏறின. கடைகளுக்கு அகன்ற முகப்பு வேண்டும் என்று கீழ்த்தளச் சுவர்கள் அகற்றப்பட்டன. சில இடங்களில் கூண்டின் சட்டங்களே அறுக்கப்பட்டன.

நம் நாட்டிலும் 2001 சனவரி 26 அன்று குஜராத்தின் கச்சுப் பகுதி நடுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் பல விழுந்தன. அவற்றுள் பல, வாகனம் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவரின்றித் தூண்களை மட்டும் விட்டுக் கட்டப்பட்டவை. மேலே கனத்த வீடுகள், கீழே மெல்லிய கால்கள். கால்கள் மடங்கின.

1997 செப்டம்பர் 26 அன்று அசிசியில் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் மேற்கூரை விழுந்து, சேதத்தைப் பார்வையிடச் சென்றவர்களுள் நால்வர் மாண்டனர். வளைவுக்கூரையின் மேற்புறத்தில் நூற்றாண்டுகளாக உடைகற்களும் ஓட்டுத்துண்டுகளும் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு பழுதுபார்ப்பின்போதும் மிஞ்சியதை அங்கேயே விட்டுவந்திருக்கிறார்கள். அந்தப் பாரமும் கூரையை உள்ளே இழுத்தது. ஏழ்மையை மணந்த புனிதரின் கல்லறைமேல், கண்ணுக்குத் தெரியாத சுமை!

இறைவன் கேட்பது என்ன?

மலக்ரீதாவின் முடிவைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பொம்பால் அவரை லிஸ்பனிலிருந்து அப்புறப்படுத்தினார். பின் சிறையிலிட்டு, 1761-இல் விசாரணை மன்றத்தின் தீர்ப்பால் அந்த முதிய துறவி கழுத்து நெரிக்கப்பட்டு, உடல் எரிக்கப்பட்டது. இயேசு சபையாரைப் போர்ச்சுகல் ஆளுகையிலிருந்து 1759-இல் விரட்டியதும் அதே அமைச்சரே. அந்த அடியின் வலி நம் மதுரை மறைப்பணித்தளம் வரை எட்டியது. சுவரைப் பற்றிச் சரியான கேள்வி கேட்டவர் மனிதரிடம் கொடுமையாக நடந்தார். மக்களின் ஆன்மாவுக்காக உண்மையாகவே கவலைப்பட்டவர் சுவரைப் பற்றித் தவறாகச் சொன்னார். வரலாறு நமக்கு வசதியாக நல்லவரையும் கெட்டவரையும் பிரித்துத் தருவதில்லை.

ஆயினும் ஒன்றைத் துணிந்து கூறலாம். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டதைக் குறித்து நம் ஆண்டவரே பேசியிருக்கிறார். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என அவரே மறுத்தார். மனந்திரும்ப அழைத்தது எஞ்சியிருந்தவர்களை. இறந்தவர்மீது பழி சுமத்த அவர் இடமளிக்கவில்லை.

குருமடத்தில் புனித அக்குவினா தோமாவைப் படித்தபோது, முதற்காரணமாகிய இறைவன், படைப்புகளுக்கும் உண்மையான காரணங்களாய்ச் செயல்படும் மாண்பை அளித்துள்ளார் என்று கற்றோம். பாறை தன் இயல்புப்படி முறிகிறது. கல் தன் கனத்தின்படி விழுகிறது. அந்த இயல்பைக் கற்றறிவது படைத்தவரை மறுப்பது ஆகாது. அக்காலத்திலேயே ஸ்பெயினின் பெனடிக்ட் சபைத் துறவி பெய்ஹோ, நிலநடுக்கத்துக்கு இயற்கைக் காரணம் தேடினார். பூமிக்குள் ஓடும் மின்சாரமே காரணம் என்றார். அவர் கண்ட விடை தவறு, தேடியது தவறன்று.

இணைச்சட்ட நூலில், நாம் அதிகம் மறையுரை ஆற்றாத ஒரு கட்டளை உண்டு. புதுவீடு கட்டுபவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். எவனாவது அங்கிருந்து விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வராதிருக்க அவ்வாறு செய்யவேண்டும். கொலை செய்யாதே என்ற கட்டளை கொத்தனாரின் சட்டிக்குள்ளும் நுழைகிறது என்பதே இதன் பொருள். கம்பியில் மிச்சம் பிடிப்பதும், சிமெண்டில் மணலைக் கூட்டுவதும், மண்ணைச் சோதிக்காமல் மாடிமேல் மாடி ஏற்றுவதும் வெறும் கணக்குக் குறைபாடுகள் அல்ல. ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிட வேண்டியவை.

லிஸ்பனில் அந்தோணியார் பிறந்த இடத்தில் இருந்த ஆலயமும் அன்று இடிந்தது. நிலவறை மட்டும் எஞ்சியது. 1767-இல் தொடங்கி அதை மீண்டும் கட்டியபோது, சிறுவர்கள் தெருத்தெருவாகப் போய், 'அந்தோணியாருக்கு ஒரு காசு' என்று கேட்டுத் திரட்டினார்களாம். அங்கிருந்து சற்றுத் தொலைவில், அன்று கூரை விழுந்த கார்மேல் சபை ஆலயம், வானமே கூரையாக இன்றும் நிற்கிறது.

எங்கள் பங்கில் சென்ற ஆண்டு ஆலயத்தை விரிவாக்கத் திட்டமிட்டு மக்களைக் கூட்டினோம். கோபுரம் எத்தனை அடி, பளிங்கு எந்த ஊரிலிருந்து என்று ஒரு மணிநேரம் பேசினார்கள். மண்பரிசோதனைக்கு முதற்பணத்தை ஒதுக்கலாம் என்று நான் சொன்னபோது, பெரியவர் ஒருவர் எழுந்து, "சாமி, மண்ணுக்குள்ள போடுற காசு யார் கண்ணுக்குத் தெரியப்போவுது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அவரும் உழைத்துச் சேர்த்த காசைத்தான் தருகிறார்.

நான் அவருக்கு லிஸ்பன் வீடுகளின் கதையைச் சொன்னேன். இரண்டரை நூற்றாண்டுகளாக அவ்வீடுகளில் பிள்ளைகள் பிறந்தார்கள், உறங்கினார்கள், வளர்ந்தார்கள். தலைமாட்டில், சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில், தம்மைக் காக்கும் சிலுவை ஒன்று நிற்பதை அவர்களுள் பலர் அறியவே இல்லை. பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "அப்ப முதல்ல மண்ணைப் பார்த்திடுவோம் சாமி" என்று சொல்லி அமர்ந்தார்.